வீட்டின் சத்தம்

சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் மைக்கைக் குத்தும்போது தொம்மை மூச்சை அடக்கிக்கொண்டார்.

"மூச்சு விடுங்க ஐயா" என்றாள்.

விட்டார். சிரித்தார்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதலில் அவர் நெஞ்சு கேட்டது. அப்புறம் கடல். அப்புறம், கீற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கம், அடுப்படியில் ஊதுகுழல்.

கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கும் ஊர் அது. அதைப் பற்றித்தான் படம். இயக்குநர் வீடு வீடாகப் போய் ஆட்களைப் பேசவைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒலிப்பதிவு வேலை.

தொம்மையின் வீடு இயக்குநருக்குப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பூனையும் ஒரு காரணம். தொம்மையும் அவர் மனைவி சலேத்தம்மாவும் எந்த நேரமும் அதனோடு பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பாசம் பாருங்க என்று சொல்லி, பூனையை நிறையப் படம் எடுக்கவைத்தார்.

என்ன பேசினார்கள் என்பது ஹெட்போன் மாட்டியிருந்தவளுக்குத்தான் கேட்டது.

"குழம்பு ஆறுதுன்னு சொல்லு."

"வயிறு சரியில்லன்னு சொல்லு."

"வயிறு சரியில்லாதவரு கடையில போயி வடை திங்கக் கூடாதுன்னு சொல்லு."

பூனை யாரிடமும் எதையும் சொல்லவில்லை. செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெண் ஒலிப்பதிவுக்காரியிடம் விவரம் சொன்னாள். போன மார்கழியில் மகன் ஜெரால்டு தனியாகக் கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. சலேத்தம்மா ஒருநாள் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் தொம்மை அந்த வள்ளத்தை விற்றுவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றிலிருந்து நடுவில் பூனை.

ஒலிப்பதிவுக்காரி இதை இயக்குநரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் கேமரா முன்னால் கேட்பார்.

ஆனால் இப்போது தொம்மையிடம் அவர் கேட்டது அதைத்தான், வேறு வழியாக.

"வள்ளத்த ஏன் வித்தீங்க? நிறுத்தக் கரை இல்லாமப் போச்சுன்னுதானே?"

ஆமாம் என்றால் போதும். படத்துக்கு வேண்டிய பதில் அது.

தொம்மை தரையைப் பார்த்தார். பூனையைத் தேடினார் என்று அவளுக்குத் தோன்றியது. பூனை வெளியே போயிருந்தது.

"கரைக்கு என்ன. மேட்டுல ஏத்திப் போட்டுக்கிடலாம்."

அடுப்படிப் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார்.

"இவ ராத்திரி எந்திரிச்சுப் போயி அதுல படுத்துக்கிடுவா. அந்தப் பனியில. விடியுமுன்னால, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு, வந்து படுப்பா. கை பட்டா ஐஸ் மாதிரி இருக்கும். அவனையும் குடுத்துட்டு இவளையும் குடுக்க என்னால ஆகாது. அதான் வித்தேன்."

ஊதுகுழல் நின்றது.

அது ஹெட்போன் மாட்டியிருந்தவளுக்கு மட்டும் கேட்டது.

அவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா என்று இயக்குநர் கேட்டார்.

"எங்க சொல்ல. அவ என்கிட்டயா கேட்டா? பூனைகிட்டல்லா கேட்டா."

இயக்குநர் சிரித்தார். கேமராக்காரரும் சிரித்தார். கரையைப் பற்றி ஒன்றும் தேறவில்லை என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். வீட்டுச் சத்தத்தை எடுத்துவிட்டு வரும்படி அவளிடம் சொன்னார் இயக்குநர்.

படம் எடுத்த இடத்திலெல்லாம் அதைச் செய்ய வேண்டும். யாரும் பேசாமல், அந்த இடம் தானாக எழுப்பும் ஓசையை மட்டும் பதிந்துகொள்ள வேண்டும். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் வைக்க உதவும்.

அவர் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றினாள். பெரிய மைக்கைத் தரை நடுவில் வைத்தாள்.

"கொஞ்ச நேரம் யாரும் பேசாம இருக்கணும் ஐயா."

"அது இங்க நெறைய இருக்கு. எடுத்துக்க தாயி."

பொத்தானை அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கடல்.

மின்விசிறியில் எங்கோ ஒரு தட்டல்.

அடுப்பில் ஈர விறகு.

தட்டி நகர்ந்தது.

கண்ணைத் திறந்தாள். சலேத்தம்மா நின்றிருந்தாள். கையில் ஊதுகுழல் அப்படியே இருந்தது. புகையில் கண் சிவந்திருந்தது. புகையால்தானா என்று சொல்ல முடியாது.

சலேத்தம்மா சுவரோரம் பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் பார்த்தாள்.

பூனை இல்லை.

அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"அப்ப நீரு முழிச்சிக்கிட்டா கெடந்தீரு?"

தொம்மை தலையைத் தூக்கினார்.

ஹெட்போனில் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. வார்த்தை வருவதற்கு முந்தைய மூச்சு.

அவள் பதிவை நிறுத்தினாள்.

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். மைக்கை எடுக்கவில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மணலில் காலடி கேட்காமல் வெளியே வந்தாள்.

இயக்குநர் ஜீப் பக்கத்தில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுச் சத்தம் கிடைச்சுதா?"

"கிடைக்கல சார். உள்ள பேசிக்கிட்டு இருக்காங்க."

"யாருகிட்ட? பூனைகிட்டயா?"

அவர் காலடியில் கேமராப் பை கிடந்தது. அதன்மேல், வெயில் விழுந்த இடமாகப் பார்த்துச் சுருண்டு, பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து அதன் காதுக்குப் பின்னால் மெல்லச் சொறிந்துவிட்டாள்.