(வசந்தினி)

உங்கள் பெயரை யாராவது அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்களா? ஈப்போவிலிருந்து ஜொகூர் பாரு வந்த மூன்று மாதத்தில் என்னை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. மருத்துவமனைப் பதிவறையில் மாலை வெயில் கோப்புகள்மேல் சாய்கிறது. நோய்க்குறியீட்டுப் புத்தகத்தில், ‘நிமோனியா (அக்யூட்)’ என்ற வரியில் என் விரல் நிற்கிறது. “டாக்டர் அக்யூட்டுன்னு எழுதலையே?” என்கிறேன். “அலமாக், வசந்தினி! அடைப்புக்குறிக்குள்ள உள்ளது இருந்தாலும் இல்லாட்டியும் கோட் மாறாது லா. சரி, பாக்கலாம்,” என்று பக்கத்து மேசை ரூபேந்திரன் ஹெல்மெட்டோடு கிளம்புகிறான். இன்றைய விருந்துக்கு அவன் எழுதிய பட்டியல் கதவில் ஒட்டியிருக்கிறது: லோஷினி, சிறீகாந்தன், ரூபேந்திரன், (வசந்தினி). கீழே மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகப் புறப்படுகின்றன. நான் கணினியை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் காலை, அடைப்புக்குறி எனக்குச் சைவச் சாப்பாடு என்று குறிக்கப் போட்டது என்று ரூபேந்திரன் சொன்னான்.