சிரிப்பு ஜாஸ்பரோடு மூன்று ஆட்டம்

“அவன் கையைப் பிடிச்சதும் கால் தரையிலேயே படலைங்க. அப்படி ஒரு ஆட்டம்” என்றாள் டெல்ஃபியா, தாடிக்காரப் பெரியவரின் தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸைப் போட்டபடி.

அடுப்பருகே நின்றிருந்த அவள் கணவன் ஆரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதிய வண்டி வந்து நின்றுவிட்டால் போதும், அவன் குதிரைகளை மாற்றிவிட்டு வருவதற்குள் இவள் கதையை ஆரம்பித்துவிடுவாள். அமெரிக்க மேற்கில், வயோமிங்கின் அந்தக் குதிரைவண்டி நிலையத்தில் சாப்பிட்டுப் போனவர்களுக்கு அவள் போட்ட பன்றிக்கறி மறந்துபோகலாம், சிரிப்பு ஜாஸ்பரின் கதை மறக்காது.

“காணாமப்போன அந்த வழிப்பறிக்காரனா?” என்றார் பெரியவர்.

“அவனேதான். துப்பாக்கியை நீட்டும்போதும் சிரிப்பானாம். எந்த ஊரு, யாரு பெத்த பிள்ளைன்னு இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியாது. எங்க லாயத்துல நடந்த நடனத்துக்கு வந்தான். வாசல்ல எல்லாரும் துப்பாக்கியைக் கழற்றி மாட்டணும்ல, அவனும் மாட்டினான். மறுநாள் காலையில துப்பாக்கி ஆணியில தொங்குது, ஆளைக் காணோம்.”

“கரடி அடிச்சிருச்சுன்னுல்ல கேள்விப்பட்டேன்” என்றான் வண்டியோட்டி.

“கரடியா? அவன் மெக்சிகோவுல ராஜா மாதிரி இருப்பான். என்னைக்காவது ஒருநாள் வருவான் பாருங்க.” சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. அதுதான் ஆரினுக்குப் பொறுக்கவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் அந்த நடன இரவில் முப்பது ஆண்களுக்கு நாலே பெண்கள். அதனால் வழக்கம்போல, சில ஆண்கள் கையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பெண்ணுக்குப் பதிலாக ஆட வேண்டும். சீட்டு ஆரின் பெயருக்கு விழுந்தது. கோவேறு கழுதை ஓட்டும் ஒருவனின் பிடியில் அவன் சுழன்றுகொண்டிருந்தபோது, டெல்ஃபியா ஜாஸ்பரோடு தொடர்ந்து மூன்று ஆட்டம் ஆடினாள். ஒருவனோடு இரண்டாவது ஆட்டமே கூடாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு வைக்கோல் போருக்குப் பின்னால், ஜாஸ்பரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் அழுததையும் ஆரின் பார்த்தான். அதை அவள் எந்தப் பயணியிடமும் சொன்னதில்லை. பார்த்ததாக அவனும் காட்டிக்கொண்டதில்லை. ஒன்பது வருடமாக நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கினான்.

“உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு யாரோட ஆடினார்?” என்று சிரித்தார் பெரியவர்.

“அவரா? ஒரு கழுதைக்காரரோட” என்றாள். மேஜையே சிரித்தது. “ஆம்பளைன்னா ஜாஸ்பர்தாங்க. இங்க இருக்கிறவங்க எல்லாம் அவன் பேரைச் சொன்னாலே நடுங்குவாங்க.”

“போதும், நிறுத்து” என்றான் ஆரின்.

“ஏன், வந்துட்டா என்ன பண்ணுவீங்க? மறுபடி கைக்குட்டை கட்டிக்குவீங்களா?”

“வரமாட்டான்டி.”

“வருவான். எனக்காக வருவான்.”

கையிலிருந்த காப்பிப் பாத்திரத்தை ஆரின் தரையில் வீசினான். “எப்படிடி வருவான்? நீ தினமும் குதிரைக்குப் புல்லு போடுறியே, அந்த லாயத்துத் தரைக்குக் கீழதான் கிடக்கான் உன் ராஜா. வெறுங்கையோட நின்னான். அப்பவும் சிரிச்சான். நான்தான் சுட்டேன். ஒரே குண்டு.”

வண்டியோட்டி மெதுவாக எழுந்து கதவை மறித்து நின்றான்.

ஆரின் அதைக் கவனிக்கவில்லை. அவன் டெல்ஃபியாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பூரிப்பு அவள் முகத்திலிருந்து வடிந்துபோனது. அவனுக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு பெரியவர் பக்கம் திரும்பினாள்.

“கேட்டுக்கிட்டீங்களா, ஜட்ஜ் ஐயா? இவர் வாயிலேர்ந்து இதை வரவழைக்கத்தான் இத்தனை வருஷமா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் மானத்தை விட்டு இந்தக் கதையைச் சொன்னேன்.” அவள் குரல் உடைந்தது. “வழிப்பறிக்காரனாச்சே, உறவுன்னு வெளியில சொல்லிக்க முடியலை. ஜாஸ்பர் என் கூடப்பொறந்த தம்பி.”