ஆறு பேருக்கு ஒரு மேசை

"ஆறு பேருன்னு சொன்னீங்க லா, அண்ணே. ரெண்டு பேருதான் உக்காந்திருக்கீங்க" என்றாள் கடைக்காரி திலகா.

"வந்துருவாங்க. மலை ரோடு, முன்னப் பின்ன ஆகும்" என்றார் தங்கராஜு. அவர் குரல் அவருக்கே நம்பிக்கை தரவில்லை.

மலையூரான பிரிஞ்சாங்கில் ஞாயிற்றுக்கிழமை மதியம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வாசலில் கோலாலம்பூர்க்காரர்கள் ஸ்ட்ராபெரிப் பைகளோடு இடத்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள். தங்கராஜுவுக்கு எதிரே ரூபினி உட்கார்ந்திருந்தாள். கம்போங் ராஜாவில் ஒரு பூத்தோட்டத்தில் வேலை. பல வருடமாக இணையத்தில் பழக்கம். நேரில் பார்ப்பது இன்றுதான்.

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் தங்கராஜு, படம் வரைகிறவர்களுக்காக 'வர்ணக்கூடம்' என்று ஓர் இணைய மன்றம் தொடங்கிய காலத்தில் ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஒரு படத்தைப் போட்டால் பிய்த்து எடுப்பார்கள். பச்சையில் நீலம் கூடிவிட்டதா என்று வாரக்கணக்கில் சண்டை நடக்கும். பிறகு ஃபேஸ்புக் வந்தது, இன்ஸ்டாகிராம் வந்தது. அப்பப்போ எட்டிப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். எட்டிப் பார்த்தவர் யாருமில்லை.

தங்கராஜுவும் யாருக்கும் தெரியாமல் இன்ஸ்டாகிராமில் கணக்குத் திறந்தார். பாடுபட்டு வரைந்த தேயிலைச் சரிவு ஒன்றைப் போட்டார். அங்கே பக்கத்தில் கார் நிறுத்த இடம் உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். வந்தது அந்த ஒன்றுதான். அன்றைக்கே மன்றத்துக்குத் திரும்பி வந்து, உண்மையான கலைஞன் கைதட்டலுக்கு ஏங்குவதில்லை என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். பிறகு யாராவது கைதட்டுகிறார்களா என்று நாளெல்லாம் திறந்து திறந்து பார்த்தார். தாப்பாவிலிருந்து எழுதும் உறுப்பினர் சின்னையா மட்டும் 'சத்தியமான வார்த்தை' என்று எழுதினார். இன்னொரு உறுப்பினனான வசந்தன் அதை வழிமொழிந்தான்.

கடைசியில் மிஞ்சியது ஆறு பேர். தங்கராஜு, ரூபினி, ஓய்வுபெற்ற ஆசிரியர் சின்னையா, ரிங்லெட் வசந்தன், ஈப்போ ஆர்தர், காலேஜில் படிக்கும் டிஃபனி. மூடிவிடலாமா என்று தங்கராஜு கேட்டபோது, அதற்கு முன் எல்லாரும் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று ரூபினி பேச்சுக்கு எழுதினாள். சின்னையா மரியாதைக்கு 'ஆகட்டும்' என்றார். ஆர்தர் 'நானும்' என்றார். டிஃபனியும் வசந்தனும் போட்டி போட்டுக்கொண்டு சேர்ந்தார்கள். அப்புறம் பின்வாங்க வழியில்லை. தங்கராஜு மேசைக்குச் சொல்லி வைத்தார்.

அவர் எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்தபோது ரூபினி தன் செல்பேசியை நீட்டினாள். மன்றத்தில் சின்னையா எழுதியிருந்தார். முழங்கால் வலியாம், பஸ் ஏற முடியவில்லையாம்.

"அவரு திட்டுனாத்தான் எனக்கு நல்லா வரைய வரும்" என்றாள் ரூபினி. "நேர்ல ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன், அண்ணே."

தங்கராஜுவுக்கு என்னவோ போலாகிவிட்டது. வயசாகிவிட்டதல்லவா என்று முனகினார்.

மழை தூறியது. காரிலிருந்து குடை எடுத்து வருவதாகச் சொல்லி ரூபினி வெளியே போனாள். அவள் வருவதற்குள் டிஃபனியின் செய்தி வந்தது. பரீட்சையாம், மன்னிக்கணுமாம். தங்கராஜுவுக்கு அது நிஜமாகவே வலித்தது. பனியை வெள்ளைச் சாயத்தால் தீட்டுவதா, காகிதத்தை அப்படியே வெறுமையாக விடுவதா என்று அந்தப் பெண் சின்னையாவோடு மல்லுக்கு நின்ற நாட்களில்தான் மன்றத்துக்கு மறுபடி உயிர் வந்திருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளை ஒன்று இன்ஸ்டாகிராமை விட்டுவிட்டுத் தன் மன்றத்தில் கிடக்கிறது என்று ஃபேக்டரி முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தார்.

"பரவால்ல அண்ணே. வசந்தன் கண்டிப்பா வருவான்" என்று ரூபினி திரும்பி வந்து தைரியம் சொன்னாள். ஆர்தரும் சொன்ன சொல் தவறாதவர் என்று அவர் பதிலுக்குச் சொன்னார். ஆர்தர் ஒருவராவது வந்துவிட்டால் போதும் என்று மனதுக்குள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டார்.

திலகா மறுபடி வந்தாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. வெளிய நெறைய பேரு நிக்கிறாங்க. மத்தவங்க வருவாங்களா, மாட்டாங்களா?"

இன்னொரு தடவை கை கழுவப் போனால் நன்றாக இருக்காது. தங்கராஜு செல்பேசியை மேசைக்கு அடியில் மடிமேல் வைத்து, தலையைக் குனிந்து, வசந்தனின் பெயரில் மன்றத்துக்குள் நுழைந்தார். 'மோட்டார் பாதி வழியில் நின்றுவிட்டது, எல்லாரும் மன்னிக்கவும்' என்று தட்டி அனுப்பினார். சற்று முன்பு சின்னையாவுக்கு முழங்கால் வலி வந்ததும் இதே விரலால்தான்.

நிமிர்ந்து பார்த்தார். எதிரே ரூபினியும் தலையைக் குனிந்திருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் மேசைக்கு அடியில் இருந்தன. தோள்களின் சின்ன அசைவு நின்றது. அதே நொடியில் தங்கராஜுவின் மடி அதிர்ந்தது: 'ரோட்டில் ஒரே ஜாம், திரும்பிப் போகிறேன். ஆர்தர்.'

ரூபினி நிமிர்ந்தாள். அவர் மடியிலிருந்து மேலே எடுத்த செல்பேசியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் காது மடல் வரைக்கும் சிவந்தது. பிறகு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைக்காரியிடம் திரும்பினாள்.

"சோறு போடுங்கக்கா. ஆறு பேரும் வந்தாச்சு."