மாத்திரைத் திருடர்

"சிஸ்டர், அப்பா அம்மாவோட மாத்திரையைத் திருடறார்."

கதவைச் சாத்திவிட்டுத்தான் மகள் இதைச் சொன்னாள். வெளியே பெஞ்சில் அப்பாவும் அம்மாவும் ஒரே பாட்டிலில் மாறி மாறித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க பார்த்தீங்களா?" என்றாள் நர்ஸ்.

"என் கண்ணால. காலையில அம்மா குளிக்கப் போனதும் அவங்க வெள்ளை மூடி டப்பாவைத் திறந்து எடுக்கறார். அப்புறம் வாயில போடறாரா, பையில போடறாரா, அது தெரியல. பழைய புத்தி வந்துடுச்சு சிஸ்டர்."

மகளின் பயத்தில் நியாயம் இருந்தது. அப்பா லாரி டிரைவர். இடுப்பு வலியால் வண்டியை விட்டவர். வலிக்கென்று தந்த மாத்திரை நாளடைவில் அவரையே விழுங்கிவிட்டது. வேளை தவறினால் கை நடுங்கும். போட்டால் நாள் முழுக்கத் தூக்கம். அதிலிருந்து அவரை மீட்டெடுப்பதற்குள் வீடு படாத பாடு பட்டது. அம்மா, சலவைக் கடையில் இஸ்திரி போட்டே தோள் போனவள்.

இந்த ஆஸ்பத்திரியில் இருவரும் சேர்ந்திருக்கும் ஆய்வில் சோதித்துப் பார்ப்பது வேறு வகை மருந்து. மயக்காமல், பழக்கமாகிவிடாமல் வலியை மட்டும் குறைக்குமா என்று பார்க்கிறார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. அடுத்தவர் மாத்திரையைச் சாப்பிட்டால் ஆய்விலிருந்து நீக்கம்.

நீக்கினால் அப்பாவுக்கு மிச்சமிருப்பது அந்தப் பழைய மாத்திரைதான்.

நர்ஸ் அவரை உள்ளே கூப்பிட்டாள்.

"ஐயா, அம்மாவோட டப்பாவைத் திறந்தீங்களா?"

போலீஸ் கை காட்டி நிறுத்திய டிரைவர் மாதிரி அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திருடல சிஸ்டர். மாத்தி வச்சேன்."

"எதை?"

"இங்க சேர்ந்த கொஞ்ச நாள்லயே எனக்குக் குனிஞ்சு செருப்பு மாட்ட முடிஞ்சுது. அவளுக்கு ஒண்ணும் குறையல. ராத்திரி முழுக்கத் தோளுக்குக் கீழ தலையணையை வைப்பா, எடுப்பா, வைப்பா. அசல் சரக்கு என் டப்பாவுலதான் இருக்குன்னு புரிஞ்சுபோச்சு. டப்பாவுல நாளுக்கு ஒரு குழி இருக்கே, அதான் தினமும் அன்னிக்குள்ள என்னுதை அவ குழியில போட்டுட்டு, அவளுதை என் டப்பாவுல வச்சு, சாப்பிட்டதும் முழுங்கறேன்."

"அப்போ உங்க வலி?"

"அதான் எனக்கும் ஆச்சரியம். வெறும் மாத்திரைன்னு தெரிஞ்சுதான் முழுங்கறேன், ஆனா வலி ஏறல. தோள் தேவலைன்னு அவ சொல்றா பாருங்க, அந்தச் சந்தோஷமா இருக்கும்." குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என்னை உண்டு இல்லன்னு பண்ணிடுவா."

விஷயம் கேட்ட டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாசமெல்லாம் சரி. என் ஆய்வைக் கெடுத்துட்டாரே மனுஷன்."

இருவரிடமும் ரத்தம் எடுத்து, யாருக்கு எது என்ற ரகசியத்தை வைத்திருக்கும் குழுவுக்கு அனுப்பினார். அடுத்த வாரம் அவர்களே போன் செய்தார்கள். இருவரும் அவரவர் மாத்திரையைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். தாராளமாகத் தொடரலாம்.

"அப்போ பெரியவர் நம்மகிட்ட கதை விட்டாரா?" என்றார் டாக்டர்.

நர்ஸுக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த முறை வந்தபோது அம்மாவை மட்டும் உள்ளே அழைத்தாள்.

"அம்மா, ஐயா தினமும் உங்க டப்பாவுல..."

"மாத்தி வைப்பார். தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அவருக்கு எந்த மூடியையும் ஒழுங்கா மூட வராது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பின்னாடியே போய் மூடிட்டு இருக்கேன். ஒருநாள் என் டப்பா வாயைப் பிளந்துட்டு இருந்துது. மறுநாள் குளிக்கப் போற மாதிரி போய்க் கதவிடுக்குல பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"நான் வந்ததும் அவர் ஷேவிங் பண்ணப் போவார். காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தானே முழுங்கறோம், அதுக்குள்ள பழையபடி மாத்தி வச்சுடுவேன். மூடியைப் பாதி திறந்தே விட்டுடுவேன். சந்தேகம் வரக் கூடாதில்ல."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "தோள் தேவலைன்னு அவர்கிட்ட சொன்னீங்களாமே?"

"அது வீட்டுக்கு. உங்ககிட்ட உள்ளதைத்தானே சொல்றேன்."

உண்மைதான். இங்கே அவள் சொன்ன வலி ஒரு நாளும் குறைந்ததில்லை.

"இனிமே ரெண்டு டப்பாவும் உங்க பொண்ணுகிட்டதான் இருக்கும். ரெண்டு பேரும் தொடக் கூடாது."

"அதுவும் நல்லதுதான். காலையில எனக்கு ஒரு வேலை மிச்சம்."

"ஒண்ணு கேக்கட்டுமா? அவரே மனசாரக் குடுக்கறப்போ, ஒருநாளாவது போட்டுப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

அம்மா வலிக்கும் தோளை மெல்ல உருட்டிக்கொண்டாள்.

"தோணாம என்ன சிஸ்டர். ஆனா அந்தப் பழைய மாத்திரை போட்ட காலத்துல, நான் பக்கத்துல படுத்து அழுதாக்கூட அவருக்குத் தெரியாது. இப்போ நான் தலையணையை நகர்த்தற சத்தம் அவருக்குக் கேக்குது. இந்த மருந்தை நான் எப்படி முழுங்குவேன்?"