அறுந்து தொலைத்த கம்பி

தோட்டத்து மோட்டாருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஃபியூஸ் கட்டையில் இருந்த மெல்லிய கம்பி அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அறுந்து தொங்கியது.

“வெக்கமா இல்ல உனக்கு? நான் ஓட ஆரம்பிச்சாலே அறுந்து தொலைக்கிறியே!” என்று கத்தியது மோட்டார்.

கம்பிக்கும் ஆத்திரம் வந்தது. “கத்தாதே! கிணத்துல தண்ணி அடிமட்டத்துக்குப் போயிடுச்சு. சேத்தை இழுத்து இழுத்து உன் உடம்பு கொதிக்குது. முடியலன்னு நீ வாயைத் திறந்து சொல்ல மாட்டே. அதான் நான் அறுந்து சொல்றேன். ரெண்டு நாள் சும்மா கிட!”

“சும்மா கிடக்கவா என்னை வாங்கினாங்க? எனக்கு ஒண்ணுமில்ல. கோளாறு உன்கிட்டதான்!”

தோட்டக்காரர் வேலாயுதமும் அப்படித்தான் நினைத்தார். மெல்லிய கம்பியை உருவிக் குப்பையில் எறிந்துவிட்டு, தடித்த செம்புக் கம்பி ஒன்றை முறுக்கிக் கட்டினார். “இது அறுந்தா என் பேரை மாத்திக்கிறேன்” என்றார்.

மோட்டார் குஷியாக ஓடியது. உடம்பு சுட்டது, ஓடியது. உறுமல் மாறிக் கீச்சிட்டது, அப்போதும் ஓடியது. மூன்றாம் நாள் மத்தியானம் உள்ளே சுற்றியிருந்த காயில் கம்பிச் சுருள் எல்லாம் கருகி, புகை கக்கி, ஒரேயடியாக நின்றுபோனது.

குப்பையிலிருந்து மெல்லிய கம்பி அலறியது. “அடப்பாவி, அது கண்ணெதிர்லயே செத்துப்போச்சே! நீ ஏன்டா அறுந்து தொலைக்கல?”

செம்புக் கம்பி விறைப்பாக நின்றது.

“நான் ஏன் அறுந்து போகணும்? என் மேல ஒரு கீறல் காட்டு, பார்ப்போம்!”