நான்கு விரல் தூரம்

டாக்டர் வலது கண்ணின் கட்டைப் பிரித்தார். சந்திரிகா முதலில் பார்த்தது அவரைத்தான்.

நான் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தேன்.

நேற்று அந்தக் கண்ணுக்குள் ஒரு வில்லையை வைத்திருந்தார்கள். ஊறவைத்த கடலையின் தோலைவிட மெல்லியது. இனி அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம்.

மைனஸ் பதினான்கு. சின்ன வயதில், கட்கி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளை டபுள் பேட்டரி என்று கூப்பிட்டார்களாம். கண்ணாடியைக் கழற்றினால் நான்கு விரல் தூரம்தான் தெரியும். அதற்கு அப்பால் எல்லாம் புகை.

ஒன்பது வருடமாக அந்தத் தூரத்துக்குள் வந்த முகம் என்னுடையது மட்டும்.

கல்யாணமான புதிதில் என் புருவத்துக்குள் ஒரு தழும்பைக் கண்டுபிடித்தாள். என் அம்மாவே மறந்துபோன தழும்பு.

ஆபரேஷனை இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். ஃபாக்டரியில் லீவு கிடைக்காது என்றேன். கண்ணில் கத்தி வைத்தால் ஆபத்து என்றேன். அவள் விடவில்லை.

டாக்டர் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ளச் சொன்னார். எதிர்ச் சுவரில் இருந்த மராத்தி காலண்டரைப் படிக்கச் சொன்னார்.

ஆகஸ்ட், இரண்டாயிரத்து ஐந்து என்று படித்தாள். கீழே அச்சிட்டிருந்த நகைக்கடையின் பெயரைப் படித்தாள். யாரும் கேட்காமலே ஜன்னல் வழியாக ஒரு பி.எம்.டி. டவுன் பஸ்ஸின் நம்பரையும் படித்தாள்.

பிறகு காலண்டர் பக்கத்தில் போய் நின்றிருந்த டாக்டரிடம், அவர் காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பதாக இந்தியில் சொன்னாள். அவர் சிரித்தார். அது தன் மனைவிக்கே தெரியாது என்றார்.

ஆறடி தூரத்திலிருந்து. வெறும் கண்ணால்.

நான் குனிந்தேன். வழக்கமான தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனேன்.

"தோடா, கொஞ்சம் பின்னால போங்க. பக்கத்துல வந்தா கலங்குது."

டாக்டர் அது இயல்புதான் என்றார். இனி அந்தக் கண்ணுக்கு அவ்வளவு கிட்டத்தில் எதுவும் தெளிவாகத் தெரியாதாம். எல்லோருக்கும் அப்படித்தானாம்.

ஓரடி போதும் என்றாள் சந்திரிகா. நான் கட்டிலைச் சுற்றிப் போய் டாக்டரின் பக்கத்தில் நின்றேன்.

"ஹாங், இப்ப நல்லாத் தெரியறீங்க. ஷேவ் பண்ணலையா?"

டாக்டர் மறுபடியும் சிரித்தார். இடது கண்ணுக்கு ஆபரேஷன் அடுத்த வியாழக்கிழமை என்றார். நேற்றே என்னிடம் கொடுத்திருந்த ஒப்புதல் படிவத்தைக் கேட்டார். என் கையெழுத்தில்லாமல் தேதி போட முடியாதாம்.

வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன் என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சந்திரிகா இடது கண்ணிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை. வலது கண் என் சட்டைப் பையில் வந்து நின்றது.

மெல்லிய வெள்ளைச் சட்டை. நான்காக மடித்த தாளின் மேல் இருந்த ஆஸ்பத்திரியின் சிவப்பு முத்திரை துணியை மீறித் தெரிந்தது.

அதை மட்டும் அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை.