கூரை மேலிருந்து ஒரு வரவேற்பு

எல்லாரும் சௌக்கியம்தானே? குளிர் எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே மூட்டுவலி வந்து சட்டமாக உட்கார்ந்திருக்குமே, அதுவும் சௌக்கியமா?

எங்கள் வீட்டுக்காரர் கூரை மேல் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஏணி கீழே புல்லில் கிடந்தது. அவர் மேலே, ஒரு வாளி நிறைய ஈர இலையோடு. வாசலில் கார் வந்து நின்றது.

இந்த நேரம் பார்த்தா வர வேண்டும்!

வேண்டாம் வேண்டாம் என்று காலையிலிருந்து தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற தகரத்தில் இலை அடைத்துக் கிடக்கிறதாம். புதிதாக வருகிற பிள்ளை பார்த்தால், ஒன்றுக்கும் முடியாத கிழடுகள் என்று நினைக்குமாம்.

"ஆயுசு பூரா பஸ்ஸ ரிவர்ஸ் எடுத்தவன்டி நான். ஏணியில ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதா?"

இறங்கக் காலை வைத்தார். ஏணி சறுக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் விழாமல் நின்றது யார் செய்த புண்ணியமோ. ஏணியைத் தூக்கி நிறுத்த எனக்குத் தெம்பு ஏது?

காரில் வந்தவள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் இலையுதிர்கால விடுமுறை விட்டதும் வருஷம் தவறாமல் இங்கே வந்துவிடுவாள். ஒரு வாரம் இருப்பாள். என் அலமாரியைக் கலைத்துப்போட்டு அடுக்குவாள். இவரோடு சீட்டாடி, கூசாமல் ஏமாற்றுவாள். மத்தியானம் வரைக்கும் தூங்குவாள். எங்களுக்கு மீதி வருஷமெல்லாம் அந்த ஒரு வாரத்தின் மிச்சத்தில்தான் ஓடும்.

இந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. முதல் முறையாகக் கணவரோடு வருகிறாள். கல்யாணத்துக்கும் எங்களைக் கூப்பிட்டாள். முழங்கால் வலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டோம். பாவம், அந்த முழங்கால் எத்தனை பழியைத்தான் தாங்கும்?

பயம் ஒன்றே ஒன்றுதான். வருகிற பிள்ளைக்கு இந்த வீடு ஒட்டாமல் போய்விட்டால்? வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம். முகத்தை ஒரு மாதிரி வைத்தாலே போதும். அடுத்த வருஷ விடுமுறைக்கு அவளுக்கு வேறு ஏதாவது வேலை வந்துவிடும். அவளைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வராது.

கார் கதவு திறந்தது.

"வாங்க, வாங்க!" இவர் கூரையிலிருந்து கையை ஆட்டினார். "மேல இருந்தே வரவேற்கலாம்னு பாத்தேன்."

அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. பையைப் புல்லில் போட்டுவிட்டு வந்து ஏணியை நிமிர்த்தினார். அசைத்துப் பார்த்தார். அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மேலே ஏறினார். ஆஸ்பத்திரியில் நர்ஸாம். படுத்துக் கிடக்கிறவர்களைத் தினமும் எழுப்பி நடக்க வைக்கிற கை. ஒன்று இவர் முதுகில் நின்றது, இன்னொன்று ஏணியில்.

"திரும்பி நில்லுங்க. இடது கால் மொதல்ல. கீழ பாக்காதீங்க, நான் இருக்கேன்."

நான் சொன்னால் எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தார்.

தரைக்கு வந்ததும் அந்தப் பிள்ளைக்குத்தான் தயக்கம். என்ன செய்வதென்று தெரியாமல் இவர் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டார்.

"உங்கள... நான் என்னன்னு கூப்பிடறது?"

ஒரு மாதமாக நாங்களும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தோம். எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் முறை ஒன்றும் கூடி வரவில்லை.

"அது கெடக்கட்டும் தம்பி," என்றார் இவர். "சாப்பிட நான் கூப்பிடறேன், நீ வந்துடு."

அப்போதுதான் அந்த முகத்தில் சிரிப்பு வந்தது.

"அடுத்த வருஷம் வந்து இந்த எலைய நான் அள்றேன். அதுவரைக்கும் நீங்க மேல ஏறக்கூடாது."

அடுத்த வருஷம் என்று அந்தப் பிள்ளை தன் வாயாலேயே சொன்னார்.

அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று நான் உள்ளே ஓடினேன். அடுப்பில் ஒன்றுமே வைத்திருக்கவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைப்பதற்குள் போன் அடித்தது. என் மகன். விடுமுறை தொடங்கினால் வருஷா வருஷம் கூப்பிட்டுச் சொல்லிவிடுவான். அதில் மட்டும் குறை வைக்கமாட்டான்.

"இந்தத் தடவையும் வர முடியாது போலம்மா. இங்க வேலை..." என்றவன் பாதியில் நிறுத்தினான். "யாரும்மா அங்க சிரிக்கறது?"

அந்தச் சிரிப்பு அவனுக்கா தெரியாது? அவன் கையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு மருமகளாக இந்த வாசலுக்குள் வந்தவள்தானே அவள். பிரிந்துவிடுவது என்று இருவரும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட வருஷமும், விடுமுறை விட்டதும் பையோடு வாசலில் வந்து நின்றாள். "லீவு விட்டாச்சு, அத்தை," என்றாள். நானும் வேறு எதையும் கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

"வீட்டுக்கு எப்பவும் வர்றவங்கதான்டா வந்திருக்காங்க," என்றேன். "நீ உடம்பப் பாத்துக்கோ."

போனை வைத்துவிட்டு நான்கு தட்டுகளை எடுத்தேன்.

உங்கள் வீட்டுக்கு இந்த விடுமுறையில் யார் யார் வந்தார்கள்? எழுதுங்களேன். என்ன முறை என்று சொல்லத் தெரியாத யாராவது வந்திருந்தால், அவர்களைப் பற்றி முதலில் எழுதுங்கள்.